குரூஸ் கன்ட்ரோல் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கட்டும்

2004இல் பதிவான என் காருக்கு இரண்டு முறை சிஓஇ (இங்கே கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்துவிட்டேன். வயதான வண்டி என்பதால் சாலை வரி கூடுதல், ஆண்டுதோறும் பரிசோதனையும் உண்டு. இருந்தும் விட மனமில்லை. விரைவுச்சாலையிலேயே 90 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாத சிங்கப்பூரில், பெடலை மிதிக்காமலேயே வண்டியை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் குரூஸ் கன்ட்ரோலுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். துவாஸ் இரண்டாம் பாலத்தைக் கடந்து மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும்போதுதான் அதன் அருமை தெரியும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அது மக்கர் செய்யத் தொடங்கியது. வேகத்தை 110இல் நிலைநிறுத்தினால் முள் 103 வரை இறங்கிய பிறகுதான் வண்டி இழுக்கும். சிரம்பான் பக்கத்து ஏற்றங்களில் இன்னும் மோசம். குரூஸ் கன்ட்ரோலையும் இன்ஜினையும் இணைக்கும் கேபிள் தளர்ந்துவிட்டது என்று ஒரு பட்டறையில் அதை இழுத்து முறுக்கிக் கொடுத்தார்கள். வீடு திரும்பும் வழியிலேயே விபரீதம் புரிந்தது. காலை எடுத்த பிறகும் இன்ஜின் நிமிடத்துக்கு 1,100 சுற்றுக்குக் கீழே இறங்கவில்லை. சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதெல்லாம் வண்டி முன்னே போகத் துடித்தது. பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கோபம் இன்றும் தணியவில்லை.

மறுநாள் காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். அவர் இந்தக் கேபிளை உடனே தொடவில்லை.

"முதலில் ஆக்சிலரேட்டர் கேபிள் சரியாக இருக்க வேண்டும், தம்பி. அது தப்பென்றால் இதில் என்ன அளந்தாலும் தப்புதான்."

இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை காத்திருந்தார். குளிர்ந்த இன்ஜின் தானாகவே வேகமாகச் சுற்றும், அளவு ஏமாற்றிவிடும். பிறகு, கேபிளை இழுக்கும் கருவியின் கையைக் கையாலேயே நகர்த்தி, இன்ஜின் வேகம் கூடத் தொடங்கும்வரை அது எவ்வளவு போகிறது என்று அடிக்கோலால் அளந்தார். அதுதான் கேபிளின் தளர்வு. அது 11 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது என் வண்டியின் கையேடு. ஒன்றரை கூடலாம், குறையலாம். மாடலுக்கு மாடல் இது மாறும். என் வண்டியில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! லாக் நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் நட்டைக் கொஞ்சம் திருப்பி, அளந்து, மறுபடி திருப்பி, கால் மணி நேரத்தில் 11க்குக் கொண்டுவந்தார். முதலில் தளர்ந்ததற்கான காரணமும் அன்றுதான் தெரிந்தது: கேபிளின் வெளி உறையைப் பிடிக்கும் கிளிப் உடைந்து, கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தைய பட்டறையில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும் இன்ஜினை அணைத்துவிட்டு பானெட்டைத் திறக்கிறேன். உறை நெடுகிலும் விரலால் தடவிப் பார்ப்பேன். இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் நெம்புகோலைத் திறந்து விட்டால் அது சட்டென்று திரும்பி வந்து முட்ட வேண்டும். கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் கேபிளையே மாற்றிவிட வேண்டும், முறுக்கிப் பயனில்லை. அளப்பதை மட்டும் அண்ணனிடம் விட்டுவிடுகிறேன். கார்நிறுத்துமிடத்தில் இன்ஜினை ஓடவிட்டால் இங்கே அபராதம்.

போன தீபாவளிக்குப் போனபோது வேகத்தை 110இல் நிலைநிறுத்தினேன். முள் 108 வரை இறங்கி, அங்கிருந்தே திரும்பியது. யோங் பெங் அருகே மழை கொட்டவே குரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிட்டேன். ஈரச் சாலையில் என் கால்தான் வேகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.