நாசிக்கா, நந்தி ஹில்ஸா, கம்பமா? ராயபுரத்துலேர்ந்து ஒரு திராட்சைத் தோட்ட டூர் கணக்கு

மூணுக்குமே போய் வந்தாச்சு, அதனால தைரியமா சொல்றேன்: கையில ரெண்டே நாள் லீவு இருந்தா நாசிக்கை மறந்துடுங்க.

பேரு என்னவோ நாசிக்குக்குத்தான். சுலா ஒயின் கம்பெனி 2000-லயே முதல் ஒயினை இறக்கினவங்க, சுத்தி இன்னும் நிறைய ஒயினரி இருக்கு, காலையில ஃபர்சான் (நம்ம மிக்சர் மாதிரி) தூவின காரமான மிசல் பாவ், சாயந்தரம் கங்காபூர் டேம் பக்கம் காத்து, எல்லாம் சூப்பர். ஆனா நம்ம ஊர்லேர்ந்து 1300 கிலோமீட்டர் தாண்டும், நாங்க மும்பைக்கு ஃப்ளைட் புடிச்சு அங்கேர்ந்து கார்ல போனோம், டேஸ்டிங் பண்ற காசை விட போற வர்ற காசு தான் ஜாஸ்தி. அதுவும் ஜனவரி டு மார்ச் அறுவடை சீசன்ல போகணும், ஆகஸ்ட்ல போனா வெறும் இலையை பார்த்துட்டு வரலாம்.

பெங்களூர் பக்கத்துல இருக்குற நந்தி ஹில்ஸ் அப்படியில்ல. தொட்டபள்ளாபுரா கிட்ட க்ரோவர்னு ஒரு ஒயினரியோட தோட்டம், 1988-ல ஆரம்பிச்சது. காலையில நாலு மணிக்கு கிளம்பிடணும், லேட்டானா ஹார்பர் கன்டெய்னர் லாரி கியூவுல ராயபுரத்தை தாண்டுறதுக்கே விடிஞ்சிடும். அங்க டூர்ல எனக்கு புடிச்சது ஒயினை மரப் பீப்பாயில வச்சிருக்கிற பேரல் ரூம் தான், உள்ள போனா ஜில்லுன்னு, ஈரமான மரமும் புளிச்ச பழமும் கலந்த ஒரு வாசனை. ரெட் ஒயின் ஒரு வாய் குடிச்சதும் நாக்கு நாவல்பழம் தின்ன மாதிரி இழுத்துப் புடிச்சிச்சு. தோலோட சேர்த்து புளிக்க வைக்கிறதால அந்த துவர்ப்பாம், ஒயிட்டுக்கு தோலை எடுத்துடறாங்க. கிளாஸ்ல அரை இன்ச் தான் ஊத்துவாங்க, சுத்தி மோந்து பார்த்து குடிக்கணும், எங்க வீட்டுக்காரர் மடக்குன்னு முழுங்கிட்டு அடுத்தது எங்கன்னு பாக்குறாரு, மானமே போச்சு. சாப்பாடு சுமார் தான், சீஸ் தட்டுக்கு கொடுத்த காசுல காசிமேட்டுல நல்ல வஞ்சிரமே வாங்கியிருக்கலாம். இன்னொண்ணு, பாட்டில் வாங்கி டிக்கில போட்டுட்டு வர்ற ஐடியா வேணாம், வெளிமாநில சரக்குன்னு ஓசூர்ல மாட்டினா வம்பு. வண்டி ஓட்டுறவர் குடிக்கவே கூடாதுன்னு தனியா வேற சொல்லணுமா?

கம்பத்துல ஒயின் டேஸ்டிங்லாம் எங்க கண்ணுல படல, அத முதல்லயே சொல்லிடறேன். ஆனா அத்தை கூட வர்றாங்கன்னா இதான் டூர். 2023-ல புவிசார் குறியீடு வாங்கின பன்னீர் திராட்சை, வருஷம் பூரா எங்கயாவது ஒரு தோட்டத்துல பறிச்சுட்டே இருப்பாங்க. பந்தலுக்கு அடியில குனிஞ்சு தான் போகணும், கொத்து தலையில இடிக்கும், பழத்து மேல சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், விரலால தேய்ச்சா கருநீலமா மின்னும். தோட்டக்காரர் ஒரு கொத்தை வெட்டி அத்தை கையில கொடுத்தாரு, அவங்க கொட்டையை துப்பிக்கிட்டே மூணு தோட்டம் சுத்திட்டாங்க. அப்புறம் சுருளி அருவி குளியல், மலை ஏறுனா குமுளியில பொரோட்டா பீஃப். சாப்பாட்டுல மத்த ரெண்டும் கிட்ட நிக்க முடியாது.

இந்த பிப்ரவரிக்கு நந்தி தான் போட்டிருக்கேன். அத்தைக்கு விஷயம் தெரியாது, கம்பம்னு நெனச்சு பை எடுத்து வச்சிட்டாங்க.