என்னை அமெரிக்காவுக்கு அனுப்பிய ஏஜென்சி: மூன்றாம் ஆண்டில் எழுதுவது

மதுரையில் பதினோரு ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்துவிட்டு, ஓர் ஏஜென்சி மூலம் ஜே-1 ஆசிரியர் விசாவில் (வெளிநாட்டு ஆசிரியர்கள் சில ஆண்டுகள் மட்டும் அமெரிக்கப் பள்ளிகளில் பாடம் நடத்த வரும் பரிமாற்ற விசா) தென் கரோலினாவின் ஒரு சிற்றூருக்கு வந்தேன். இப்போது மூன்றாம் ஆண்டு. "அந்த ஏஜென்சியை நம்பலாமா அக்கா?" என்று பழைய பள்ளியிலிருந்து மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். பெயரை இங்கே எழுதவில்லை. கேட்கிற எல்லோருக்கும் சேர்த்து நடந்ததை எழுதுகிறேன்.

காகித வேலையில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. விசாவுக்கு விண்ணப்பிக்க ஏஜென்சி தர வேண்டிய டி.எஸ்.-2019 படிவம் சொன்ன தேதியில் கைக்கு வந்தது. இப்படி வருபவர்களின் விவரங்களை அமெரிக்க அரசு பதிந்து வைக்கும் செவிஸ் அமைப்புக்கான கட்டணம் 220 டாலர், விசாக் கட்டணம் 185 டாலர், இரண்டும் தனித்தனி என்று முன்பே சொல்லிவிட்டார்கள். இங்கே வந்த பிறகு முதல் சம்பளத்தில் ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு வரியும் முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் வரியுமாக 7.65 சதவீதத்தைப் பள்ளியில் பிடித்துவிட்டார்கள். ஜே-1 ஆசிரியருக்கு முதல் இரண்டு காலண்டர் ஆண்டுகளில் அந்தப் பிடித்தம் கிடையாது. ஏஜென்சிக்கு எழுதினேன், மறுநாளே சம்பளப் பிரிவுக்குக் கடிதம் போனது, அடுத்த மாதம் பணம் திரும்பி வந்தது. தனியாக இருந்திருந்தால் எனக்கு அது வரவேண்டிய பணம் என்றே தெரிந்திருக்காது.

ஆனால் கார் இல்லாமல் இந்த ஊரில் ஒரு நாளும் ஓடாது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பள்ளிக்கு ஏழு மைல். பஸ் இல்லை, நடைபாதையும் இல்லை. கொண்டுவந்த பணம் வீட்டு முன்பணத்துக்கே போய்விட்டது. இந்த நாட்டில் கடன் வாங்கித் திருப்பிய வரலாறு இல்லாதவளுக்குக் கார் கடன் யார் தருவார்கள்? பிலிப்பைன்ஸிலிருந்து வந்த சக ஆசிரியை இரண்டு மாதம் தன் காரில் ஏற்றிச் சென்றார். பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தால் வாங்கவே மாட்டார்.

வகுப்பறையைப் பற்றியும் அப்படித்தான். ஏஜென்சியின் அறிமுகக் கூட்டம் இரண்டு மணி நேரம், அத்தனையும் காப்பீடு. முதல் மாதமே லாக்டவுன் ஒத்திகை வந்தது; துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் நுழைந்தால் கதவைப் பூட்டி ஒளிந்துகொள்ளப் பழகும் பயிற்சி அது. ஒலிபெருக்கியில் அறிவிப்பு கேட்டதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து விளக்கை அணைத்தாள். "மிஸ், அங்கே நின்றால் கதவுக் கண்ணாடியில் தெரிவீர்கள்" என்று கிசுகிசுத்து, என் கையைப் பிடித்து மூலைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. இருட்டில் இருபத்து நான்கு பிள்ளைகளின் மூச்சு மட்டும் கேட்டது. வெளியே யாரோ கதவின் கைப்பிடியை அசைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஒத்திகையில் அதுவும் உண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். எங்கே உட்கார வேண்டும் என்பதை எனக்கு அந்தக் குழந்தையா சொல்லித்தர வேண்டும்? அதைச் சொல்லித்தரத்தானே ஏஜென்சிக்கு ஆண்டுதோறும் கட்டணம் கட்டுகிறேன்!

ஒன்றை மட்டும் மனமாரப் பாராட்டுகிறேன். இந்த விசாவில் வந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை இங்குள்ள மாணவர்களை வேறொரு நாட்டுப் பள்ளியோடு பேசவைக்க வேண்டும் என்பது விதி. அதை வெறும் சடங்காக விடாமல் ஏஜென்சி என் பின்னாலேயே நின்றது. ஜனவரியில் இங்கே காலை 8 மணி, மதுரையில் மாலை 6.30. என் பழைய வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார்கள். அங்கே ஒரு வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர் என்றதும், "எல்லோரும் எங்கே உட்காருவீர்கள்?" என்று என் மாணவன் கேட்டான். மதுரையில் ஒரு பையன் போனைத் திருப்பிக் காட்டினான். ஒரு பெஞ்சில் ஐந்து பேர். ஆறாவதாக ஒருத்தி இடித்துக்கொண்டு உட்கார்ந்து கையசைத்தாள். இங்கே வகுப்பு முழுக்க எழுந்து நின்று பதிலுக்குக் கையசைத்தது.

நான்காம் ஆண்டு நீட்டிப்புக்கும் இதே ஏஜென்சியிடம்தான் விண்ணப்பித்திருக்கிறேன். அதோடு ஒரு கடிதமும் வைத்தேன்: அடுத்து வருபவர்களுக்குக் காரைப் பற்றியும் ஒத்திகையைப் பற்றியும் விமானம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள், சொல்ல ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள் என்று.