கபோஸ் லேன் மருந்துச் சரக்குக் கடை: தர மறுத்ததால் வந்த நம்பிக்கை

வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறிக் கொழும்புப் புறக்கோட்டைக்குப் போனேன். கபோஸ் லேனுக்குள் நுழையும்போதே வேர்க்கொம்பும் திப்பிலியும் மணக்கும். அம்மா போன பிறகு எனக்கு இரவு 2 மணிக்கு முன் நித்திரை இல்லை. அதற்காக அமுக்கராக் கிழங்குத் தூள் (அஸ்வகந்தா) கேட்டேன்.

"வேற என்ன மருந்து எடுக்கிறீங்கள் பிள்ளை?" என்றார் கடை ஐயா.

தைரொயிட் குளிசை என்றதும் போத்தலைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார். அமுக்கரா தைரொயிட் சுரப்பைக் கூட்டக்கூடும், டொக்டரைக் கேட்டுவிட்டு வாங்கோ என்றார். டொக்டரும் அதையேதான் சொன்னார். கையில் காசோடு நிற்பவரைத் திருப்பி அனுப்ப எத்தனை கடைக்கு மனம் வரும்?

வயிற்றுப் பொருமலுக்கு ஓமமும் பெருஞ்சீரகமும் வாங்கினேன். பின்னேரத் தேத்தண்ணிக்குப் பதிலாகக் காய்ந்த வில்வம்பூ, சிங்களவர் பெலிமல் என்பது. ஒரு பிடியைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, பனங்கட்டி கடித்துக்கொண்டு குடிக்கிறேன். பின்னேரத்தில் தேயிலையை நிறுத்தியதாலோ பூவாலோ, இப்போது 12 மணிக்கே கண் சொருகுகிறது.

ஓமத்தில் மண் இருந்தது, புடைத்துத்தான் பாவிக்க வேண்டும். பொதிகளில் திகதியும் இல்லை. அதை அவர்கள் கட்டாயம் திருத்த வேண்டும். சனிக்கிழமை போகாதீர்கள், ஐயாவோடு ஆறுதலாகக் கதைக்க முடியாது.