பாலியில் டாலர் மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு: 13,50,000 ருபியா போய்விட்டது

பாலியில், குட்டா கடற்கரைக்குப் போகிற சந்து ஒன்றில், நேற்று சாயங்காலம் எங்களிடமிருந்து 13,50,000 ருபியாவை உருவிவிட்டார்கள். நம் காசுக்கு ஏழாயிரம் ரூபாய்க்கு மேல். பணம் மாற்றும் கடையில், கண்ணெதிரே, எண்ணி முடித்த பிறகு நடந்தது. சரோங்கும் (லுங்கி மாதிரி இடுப்பில் கட்டுகிற துணி) சாவிக்கொத்தும் விற்கிற கடையின் ஓரத்தில் ஒரு மேசை, வாசலில் ஒரு ரேட் போர்டு, அவ்வளவுதான் அந்தக் கடை. குட்டா, லெகியான் பக்கம் இப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன. எப்படி எடுக்கிறார்கள் என்பதை முழுசாக எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

ஆளை இழுப்பது அந்த ரேட் போர்டுதான். ஒழுங்கான கடைகளில் ஒரு டாலருக்கு 16,600 கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே 17,000 என்று எழுதியிருந்தது. கீழே 'கமிஷன் இல்லை', 'அங்கீகரிக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. அதை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பணம் மாற்றுகிறவருக்கு லாபமே வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான். சந்தை ரேட்டுக்கு மேலே கொடுத்தால் ஒவ்வொரு டாலருக்கும் அவருக்குக் கைநஷ்டம். அப்படியும் ஒருவர் கொடுக்கிறேன் என்று போர்டு வைத்தால், அந்த நஷ்டத்தை மேசைக்குப் பின்னால் எடுத்துவிடுகிறார் என்று அர்த்தம்.

300 டாலர் கொடுத்தோம். 51,00,000 ருபியா வரவேண்டும். சிவப்பு நிற 1,00,000 நோட்டாகக் கொடுத்தால் 51 நோட்டில் கணக்கு முடிந்துவிடும். ஆனால் 'பெரிய நோட்டு தீர்ந்துவிட்டது' என்று சொல்லி நீல நிற 50,000 நோட்டை எடுக்கிறார்கள். 102 நோட்டு. சில இடங்களில் பச்சை 20,000 நோட்டில் தருவார்கள், அப்போது 255 நோட்டு. நோட்டு எவ்வளவு கூடுகிறதோ, பத்திருபது குறைந்தால் கைக்கு அவ்வளவு தெரியாது. புதிதாக வந்தவருக்கு இத்தனை சைபரும் பழக்கமில்லை.

அடுத்தது நம்ப வைப்பது. அந்த ஆள் மேசையில் இருபது இருபதாக அடுக்கினான். ஒரு அடுக்கு 10,00,000. ஐந்து அடுக்கு, மேலே இரண்டு நோட்டு. 'எண்ணிப் பாருங்கள், மெதுவாக, அவசரமில்லை' என்று அவனே சொன்னான். எண்ணினால் 102 சரியாக இருந்தது. ஏமாற்றுகிறவன் எண்ணச் சொல்வானா என்று யாருக்குமே தோன்றும். எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் அந்த எண்ணிக்கையே திருட்டின் ஒரு பகுதி. எண்ணி முடித்த பிறகு டாலரை வாங்கிக்கொண்டு, 'சேர்த்துத் தருகிறேன்' என்று ஐந்து அடுக்கையும் ஒன்றாக வாரி, விளிம்பு சேர மேசையில் தட்டுகிறான். மேசையின் அவன் பக்கத்துக்குக் கீழே திறந்த டிராயரோ பெட்டியோ இருக்கும். தட்டுகிற சாக்கில் கட்டின் அடியில் இருக்கிற நோட்டுகளை விரலால் பின்னுக்குத் தள்ளினால் அவை நேராக அதில் விழும். சரியாக அதே நொடியில் பக்கத்தில் நிற்கிற இன்னொருவன் பேச்சுக் கொடுக்கிறான்: எந்த ஊர், எந்த ஓட்டல், ஸ்கூட்டர் வேண்டுமா. கண் மேலே போகிறது. அவனுக்கு அந்த இரண்டு நொடி போதும். அப்புறம் கட்டை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, சிரித்துக்கொண்டே கையில் வைக்கிறான். இப்போதுதானே எண்ணினோம் என்று யாரும் மறுபடி எண்ணுவதில்லை.

ஓட்டல் அறையில் பிரித்தால் 75 நோட்டு. 37,50,000. 27 நோட்டைக் காணோம், 13,50,000 ருபியா. 17,000 என்று போர்டு போட்டவன் கொடுத்தது டாலருக்கு 12,500. பாலிக்கு இரண்டு பேர் வந்து இறங்கினால் விசாவுக்குத் தலைக்கு 5,00,000, சுற்றுலாக் கட்டணம் தலைக்கு 1,50,000 என்று அரசாங்கத்துக்குக் கட்டுவதே மொத்தம் 13,00,000 தான். அதைவிடக் கூடுதலாக இவன் இரண்டு நொடியில் எடுத்துவிட்டான்.

உடனே திரும்பிப் போனோம். அதே மேசை, வேறு ஆள். 'அவர் வேலை முடிந்து போய்விட்டார்' என்றான். அப்புறம் 'நீங்கள்தானே எண்ணினீர்கள்?' என்றான். அப்புறம் 'ரசீது எங்கே?' ரசீது கொடுத்தால்தானே இருக்கும்! கடைசியில் 'முதலாளி காலையில் வருவார்.' இன்று காலை போனால் ரேட் போர்டும் இல்லை, மேசையும் இல்லை. சரோங் விற்கிற அம்மாவுக்கு அந்த ஓரத்தை யார் வாடகைக்கு எடுத்தார்கள் என்றே தெரியாதாம். கடைப் பெயரும் இல்லை, ரசீதும் இல்லை. புகாரில் எதை எழுதுவது?

சரி, போகிறவர்களுக்கு.

அந்த நாட்டு மத்திய வங்கியான பேங்க் இந்தோனேசியாவின் உரிமம் உள்ள கடையில் 'பிவிஏ பெரிசின்' (PVA Berizin) என்ற சின்னமும் உரிம எண்ணும் மாட்டியிருக்கும். அது இல்லாத இடத்தில் நுழையாதீர்கள். கண்ணாடிக் கவுண்டர், கேமரா, அச்சடித்த ரசீது, இது மூன்றும் இருக்கவேண்டும். ரேட் மற்ற கடைகளைவிட உயர்ந்திருந்தால் அப்படியே நடையைக் கட்டுங்கள்.

கணக்கை உங்கள் போனில் போடுங்கள், அவர்கள் கால்குலேட்டரில் வேண்டாம். ருபியாவை எண்ணி முடித்துப் பைக்குள் வைக்கும்வரை டாலர் உங்கள் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் எண்ணிய பிறகு அவர்கள் கை ஒருமுறை பட்டாலும் முதலிலிருந்து எண்ணுங்கள். நடுவில் 'கமிஷன்' என்று ஆரம்பித்தால் பேரம் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள்.

மடிப்பு, கறை, பேனாக் கிறுக்கல் இல்லாத புதிய 100 டாலர் நோட்டாகக் கொண்டுபோங்கள். பழசுக்கும் சின்ன நோட்டுக்கும் ரேட்டைக் குறைப்பார்கள்.

ஏடிஎம் என்றால் வங்கிக் கிளையோடு சேர்ந்ததில் எடுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே வங்கி ஆப்பில் இயக்கிவிட்டு வாருங்கள். இந்திய ரூபாயில் கணக்கிடவா என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். பல மெஷின்களில் முதலில் பணம்தான் வரும், கார்டு அப்புறம்தான். கார்டை எடுக்காமல் நகராதீர்கள்.