எழுதி வைத்த அறிவும் வாய்மொழி அறிவும்: மென்பொருள் குழுவுக்கு எது கைகொடுக்கும்?

பழைய நிரலில் ஒரு வரியை நீக்கப் போகிறோம். பக்கத்தில் இருக்கும் மூத்தவர், "அதில் மட்டும் கை வைக்காதீர்கள்" என்று தடுத்து, காரணத்தையும் ஐந்தே நிமிடத்தில் விளக்கிவிடுகிறார். அதே எச்சரிக்கை நாற்பது பக்க ஆவணத்தில் எங்கோ இருந்திருக்கலாம். வேண்டிய நேரத்தில் கண்ணில் பட்டிருக்காது. கேட்பவருக்கு எது தெரியாது என்று பார்த்துப் பேசுவதுதான் வாய்மொழியின் பலம்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டால் ஆளே தேவையில்லை என்று நம்புகிறவர்களுக்கு, டென்மார்க் கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985இல் விவரித்த நிகழ்வு ஒன்று இருக்கிறது. ஒரு குழு உருவாக்கிய கம்பைலரை (எழுதிய நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) வேறொரு குழு விரிவாக்க முயன்றது. முழு ஆவணங்களும் குறிப்புகளுடன் கூடிய மூல நிரலும் அவர்கள் கையில் இருந்தன. அப்படியும் அவர்கள் முன்வைத்த பல தீர்வுகள், கம்பைலரின் அமைப்பில் ஏற்கெனவே இருந்த வசதிகளைக் கவனிக்காமல் போட்ட ஒட்டுகளாகவே அமைந்தன. அந்த வசதிகளோ ஆவணத்தில் விரிவாகப் பேசப்பட்டவை! உருவாக்கியவர்கள் பார்த்தவுடனேயே குறையைக் கண்டுகொண்டு, அமைப்பைக் கெடுக்காத எளிய வழியைக் காட்டினார்கள்.

எழுத்து மட்டும் போதாது என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனாலும் வாய்மொழியை மட்டும் நம்பியிருக்கும் குழு என்னைக் கவலைப்பட வைக்கிறது. ஆள் போனால் அறிவும் போய்விடும் என்பது எல்லோரும் சொல்வதுதான். அதைவிடப் பெரிய குறை, கேட்கத் துணிந்தவருக்கு மட்டுமே அந்த அறிவு கிடைப்பது. கூச்ச சுபாவம் உள்ளவரும், மற்றவர்கள் உறங்கும் நேரத்தில் வேலை செய்பவரும் திறமை குறைந்தவர்களாகத் தெரிகிறார்கள். இது அநியாயம்.

நெருக்கடி வேளையிலோ எழுத்து இல்லாமல் முடியாது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டலில் புதிய நிரல் 8 சர்வர்களில் ஒன்றில் மட்டும் ஏற்றப்படாமல் விடுபட்டிருந்தது. 2003இலேயே பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட பழைய நிரல் அந்த ஒன்றில் உயிர்பெற்றது. பதற்றத்தில், சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கியதால், அவற்றிலும் பழைய நிரல் இயங்கி நிலைமை மேலும் மோசமானது. சுமார் 45 நிமிடங்களில் நடந்த தவறான வர்த்தகங்களால் 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு. நிரல் ஏற்றுவதை இரண்டாவது நபர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வ நடைமுறை அங்கே இல்லை என்பதைப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் சுட்டிக்காட்டியது.

ஆகவே, நிரலின் அமைப்பைப் புரிந்துகொள்ளச் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கு நூறு பக்கம் எழுதுவது வீண். நிரல் ஏற்றும் படிகள், கோளாறு நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பும் வழி, ஒரு முடிவை ஏன் எடுத்தோம் என்ற காரணம் ஆகிய மூன்றும் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். காரணத்தை எழுத, மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011இல் முன்வைத்த வடிவம் எனக்குப் பிடிக்கும்: சூழல், முடிவு, விளைவு என்று ஓரிரு பக்கத்தில் முடிந்துவிடும். அதை மூல நிரலோடு சேர்த்தே வைக்க வேண்டும்; வேறிடத்தில் வைத்தால் நிரல் மாறும்போது அதைத் திருத்த யாருக்கும் நினைவு வராது.

எழுதும் பொறுப்பை மூத்தவர் தலையில் கட்டக் கூடாது. கேட்டுத் தெரிந்துகொண்ட புதியவரே அன்றைக்கே எழுதட்டும். எது புரியவில்லை என்பது அவருக்குத்தான் அப்போது நினைவிருக்கும். விளக்கியவர் ஒரு முறை படித்துத் திருத்தினால் போதும்.