வளர்த்த தோலா, வெட்டியெடுத்த தோலா: களிம்பை எதில் சோதிப்பது?

ஆய்வகத்திலேயே தோலை வளர்த்துவிட்டார்கள், இனி விலங்குச் சோதனையே வேண்டாம் என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, எந்தச் சோதனைக்கு என்றுதான். களிம்பு தோலைப் புண்ணாக்குமா என்பது ஒரு கேள்வி, அதிலிருக்கும் மருந்து தோலைத் தாண்டி உள்ளே போகுமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு வளர்த்த தோலை எடுப்பேன், இரண்டாவதற்கு எடுக்க மாட்டேன்.

முதலில் எரிச்சல். 1944இல் அமெரிக்காவில் ஜான் டிரெய்ஸ் வகுத்த பழைய முறையில் முயலின் ரோமத்தை மழித்து, பொருளைத் தடவி, எவ்வளவு சிவக்கிறது, வீங்குகிறது என்று கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறும், முயல் தோலும் நம் தோலைவிடச் சீக்கிரம் சிவக்கும். மேட்டெக் நிறுவனத்தின் எப்பிடெர்ம், லோரியாலின் எப்பிஸ்கின் போன்ற வளர்த்த தோல்கள் இதைவிட எவ்வளவோ மேல். மனிதத் தோல் செல்களைச் சவ்வு ஒன்றில் விதைத்து, கீழிருந்து மட்டும் ஊட்டம் கொடுத்து மேல்பக்கத்தைக் காற்றுபட விட்டால், அவை தாமாகவே அடுக்கடுக்காக எழும்பி மேலே செத்த படலம் வரைக்கும் உண்டாக்கிக்கொள்கின்றன. எப்பிடெர்ம் துண்டு ஒன்று 0.63 சதுர செ.மீ., சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். திரவம் என்றால் 30 மைக்ரோலிட்டர் விட்டு 60 நிமிடம் வைத்துக் கழுவி, 42 மணி நேரம் விட்டுவைத்து, அப்புறம் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தில் வைக்கிறார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். எதுவும் படாத தோலோடு ஒப்பிடும்போது ஊதா பாதியோ அதற்கும் கீழோ என்றால், பொருள் எரிச்சலூட்டும். 2010இல் ரசாயனச் சோதனை முறைகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி இதை 439ஆம் எண் வழிகாட்டுதலாக ஏற்றுக்கொண்டது.

மூலிகைக் களிம்பு செய்பவர்கள் மட்டும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். சில தாவரச் சாறுகள் செல்லின் உதவியே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக்கிவிடும், அப்போது செத்த தோலும் உயிரோடிருப்பதாகக் கணக்கில் வரும். அதற்காகத்தான் உறையவைத்துக் கொன்ற துண்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்து, அதில் வரும் ஊதாவைக் கழிக்கிறார்கள். அப்படிக் கழிக்காத மூலிகை ஆய்வறிக்கையை நான் நம்புவதில்லை.

சரி, மருந்து உள்ளே போகிறதா? இங்கே வளர்த்த தோல் சறுக்குகிறது. மேல்படலத்தின் கொழுப்பு அடுக்குகள் நிஜத் தோலில் இருப்பதுபோல நெருக்கமாக அமைவதில்லை, ஆகவே மருந்து தாராளமாகக் கசிந்து, நிஜத்தில் போவதைவிட அதிகமாகக் காட்டும். மயிர்க்காலும் கிடையாது, அந்த வழியாக எவ்வளவு போகும் என்பதையும் அறிய முடியாது. வயிற்றுத் தசை இறுக்கும் அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த மனிதத் தோலை ஃபிரான்ஸ் செல் என்ற கண்ணாடிக் குடுவையில் பொருத்தி, மேலே களிம்பு, கீழே திரவம், தோல் 32 டிகிரியில் இருக்கும்படி வைத்து, நேரத்துக்கு நேரம் கீழிருந்து கொஞ்சம் எடுத்து அளப்பதுதான் இதற்கு வழி. தடுப்பாக நிற்பது ஏற்கெனவே செத்த படலம் என்பதால் தோலை உறையவைத்தும் பயன்படுத்தலாம், ஆனால் அப்போது தோலுக்குள் மருந்து என்னவாகச் சிதைகிறது என்பது தெரியாது. தோல் கொடுத்தவருக்குக் கொடுத்தவர் முடிவு வேறுபடுவது பெரிய தலைவலி, அந்த ஒரு விஷயத்தில் வளர்த்த தோல்தான் சீராக நடந்துகொள்ளும்.

விலை, போக்குவரத்து என்று பார்த்தாலும் வளர்த்த தோல் லேசான சமாச்சாரம் இல்லை. உயிருள்ள சரக்கு, வெளிநாட்டிலிருந்து குளிர்பெட்டியில் வர வேண்டும், வந்த கையோடு பயன்படுத்த வேண்டும். சுங்கத்தில் சிக்கினால் போச்சு.

கொலாஜன் என்ற புரதமும், அதைச் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் சேர்ந்த அடித்தோலோடு கூடிய தடித்த மாதிரிகளும் கிடைக்கின்றன. காயம் ஆறுவது, தோல் முதிர்வது போன்றவற்றுக்கு அவை சரி, வெறும் எரிச்சல் சோதனைக்கு அந்தச் செலவு வீண். 2020இல் அமெரிக்க ஆய்வாளர் கார்ல் கோஹ்லரின் குழு குருத்தணுவிலிருந்து (ஸ்டெம் செல்) முடி முளைக்கும் தோலையே வளர்த்துக் காட்டியது, பிரமாதம்தான், ஆனால் வளர நாலைந்து மாதம் ஆகிறது. வாராவாரம் பத்துக் களிம்பைச் சலித்தெடுப்பவருக்கு அது கட்டுப்படியாகாது.

கையில் காசும் இல்லை, மனிதத் தோல் தரும் மருத்துவமனையும் இல்லை என்றால், ஊடுருவல் சோதனையின் ஆரம்பக் கட்டத்துக்குப் பன்றிக்காதே போதும், அமைப்பில் நம் தோலுக்கு அவ்வளவு நெருக்கம். இறைச்சிக்கூடத்தில் சொல்லிவைத்து, பன்றியை ரோமம் நீக்க வெந்நீரில் முக்குவதற்கு முன்னாலேயே காதை வாங்கிவிடுங்கள். வெந்நீர் பட்டால் தடுப்பு போய்விடும், அப்புறம் எந்த மருந்தும் உள்ளே போவதாகத்தான் காட்டும்.