பன்னிரண்டு தந்திக்கு ஆறு சடில்: ஒரு மின்கிற்றாரின் பயன்பாட்டு அனுபவம்

சென்ற மாதம் என்னுடைய பன்னிரண்டு தந்தி மின்கிற்றாரின் பிரிட்ஜை, அதாவது உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பகுதியை, மாற்றினேன். அதில் தந்தி அமரும் சிறு துண்டுதான் சடில். அதைக் கேள்விப்பட்ட பருத்தித்துறைத் தம்பி ஒருவர், அதே வகைக் கிற்றார் இப்போது விலை இறங்கியிருப்பதாகவும், தமது ஆலயப் பாடகர் குழுவுக்கு வாங்கலாமா என்றும் கேட்டிருந்தார். அவருக்கு ஒரு வரியில் பதில் எழுத என்னால் முடியவில்லை. இந்தக் கருவியின் நாதத்தில் எனக்கிருக்கும் பற்றும், அதன் பிரிட்ஜின் மேல் எனக்கிருக்கும் கோபமும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுப்பனவாக இல்லை.

1960களின் பாணியில் இன்று புதிதாகச் செய்து விற்கப்படும், உள்ளே பாதி வெறுமையான உடலைக் கொண்ட நடுத்தர விலைக் கிற்றார் அது. செய்தவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை ஒரு நிறுவனத்தோடு நிற்பதன்று.

முதலில் நாதத்தைச் சொல்லவேண்டும். பன்னிரண்டு தந்திகளும் இரண்டிரண்டாக ஆறு இணைகளாக நிற்கும். கனத்த நான்கு இணைகளில் ஒவ்வொரு தந்தியோடும் அதன் மேல்ஸ்தாயித் தந்தி சேர்ந்து நிற்கும். மெல்லிய இரண்டு இணைகளில் இரு தந்திகளும் ஒரே சுருதியில் நிற்கும். ஒரே சுருதி என்று எவ்வளவு கவனமாகக் கூட்டினாலும் இரண்டு தந்திகள் இம்மியும் பிசகாமல் ஒன்றாகிவிடுவதில்லை. அந்த நுண்ணிய வேறுபாடுதான் நாதத்தை அசையவும் மினுங்கவும் வைக்கிறது. ஆலயத்தில் பெரியவர்களும் சிறுவர்களும் ஒரே மெட்டை இரு ஸ்தாயிகளில் சேர்ந்து பாடும்போது எழுகின்ற நிறைவு, ஒரேயொரு கையசைவில் இந்தக் கருவியிலிருந்து எழும். 1964 பெப்ரவரியில் நியூயோர்க்கில் பீட்டில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசனின் கைக்கு ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் பன்னிரண்டு தந்திக் கிற்றார் வந்து சேர்ந்ததும், அவர் வாசிப்பதைப் பார்த்த ரோஜர் மக்குயின் தாமும் ஒன்றை வாங்கி, தமது அமெரிக்க ரொக் குழுவான பேர்ட்ஸின் ஒலியையே அதன்மேல் கட்டியதும் ஏன் என்பது, அம்பிளிபயரில் இணைத்து, பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் முதல் கோர்டை மீட்டிய கணத்திலேயே விளங்கிவிட்டது. மக்குயினின் ஒலிப்பதிவுகளில், ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கொம்பிரசருக்கும் பெரிய பங்குண்டு. ஒரு சாதாரண கொம்பிரசர் பெடலை நடுவே இணைத்ததும், சட்டென்று மங்கிவிடும் மெல்லிய தந்திகள் நின்று ஒலித்தன. இந்த மகிழ்ச்சி இன்றுவரை எனக்குக் குறையவில்லை.

இனிப் பிரிட்ஜ். தந்தியை அழுத்தும்போது அது சற்று இழுபடுவதால் சுருதி ஏறுகிறது. எவ்வளவு ஏறும் என்பது தந்திக்குத் தந்தி வேறுபடும். அதை ஈடுசெய்யத்தான் சடிலை முன்னும் பின்னும் நகர்த்தி ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் தனித்தனியே ஒழுங்குசெய்கிறோம். இந்தக் கிற்றாரிலோ பன்னிரண்டு தந்திகளுக்கு ஆறு சடில்களே உள்ளன. ஒரே சடிலின் மேல் கனத்த தந்தியும் அதன் மெல்லிய இணையும் உட்கார்ந்திருக்கின்றன. நான் போடும் தந்திக்கட்டில், மெல்லிய பக்கத்திலிருந்து எண்ணும்போது வரும் மூன்றாவது இணையின் ஒரு தந்தி 0.017 அங்குலத் தடிப்பு, மற்றது 0.008 அங்குலம். கனத்ததற்குச் சரியாகச் சடிலைப் பின்னே தள்ளினால், 12ஆவது பிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளே பிரெட்டுகள்) மெல்லியது இறங்கி ஒலிக்கும். மெல்லியதற்குச் சரிசெய்தால் கனத்தது ஏறிவிடும். இரண்டுக்கும் நடுவில் வைத்தால் இரண்டுமே பிழையாக ஒலிக்கும்.

திறந்த தந்திகளிலும் முதல் மூன்று பிரெட்டுகளிலும் இது காதுக்கு உறைக்காது. தனியாக வீட்டில் வாசிப்பவர் பல மாதங்கள் இதை உணராமலே இருக்கக்கூடும். ஆனால் எங்கள் குழுவில் கீபோட் இருக்கிறது. அதன் சுருதி அசையாது. நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், காணிக்கைப் பாடலின் இடையிசையை ஏழாவது பிரெட்டுக்கு மேலே எடுத்துச் சென்றபோது, மூன்றாவது இணையின் மேல்ஸ்தாயித் தந்தி கீபோட்டின் அதே சுரத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு நின்றது. பாடகர்களில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அன்று மாலைதான் சுருதியை அளந்து காட்டும் ரியூனரை வைத்துப் பன்னிரண்டு தந்திகளையும் ஒவ்வொன்றாகக் கூட்டியிருந்தேன். கூட்டியதில் எந்தப் பிழையும் இருக்கவில்லை.

எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம், இது தீர்க்கப்படாத சிக்கல் அன்று என்பதே. 1965இல் வெளிவந்த பெண்டர் எலெக்ட்ரிக் டுவெல்வ் கிற்றாரிலேயே பன்னிரண்டு தந்திகளுக்கும் பன்னிரண்டு தனிச் சடில்கள் இருந்தன. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் சரியாகச் செய்து காட்டியதை விட்டுவிட்டு, அக்காலத்துக் கிற்றார்களில் குறையாக இருந்ததைப் பழைமை அழகு என்ற பெயரில் புதிதாக வார்த்து விற்பதை என்னால் நியாயமென்று ஏற்க முடியவில்லை. பழைய வடிவம் வேண்டும், தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பழைய பிக்கப்பின் ஒலி வேண்டும், வர்ணமும் வேண்டும்; பழைய சுருதிப்பிழையை யார் கேட்டார்கள்?

பன்னிரண்டு சடில் பிரிட்ஜ் ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்து, யாழ்ப்பாண நகரில் கிற்றார் திருத்துபவர் ஒருவரிடம் கொடுத்துப் பூட்டுவித்தேன். இரண்டு தாங்கிகளுக்கும் இடையிலான தூரம் ஒத்துவந்ததால் உடலில் புதிய துளை எதுவும் இடவேண்டியிருக்கவில்லை. மூன்றாவது இணையின் இரண்டு சடில்களும் இப்போது ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரியும் அளவு விலகி நிற்கின்றன; இவ்வளவு இடைவெளியை ஒரே சடில் எப்படி ஈடுசெய்திருக்க முடியும்? மேல் பிரெட்டுகளில் கோர்டுகள் கண்ணாடிபோல் தெளிந்துவிட்டன. ஆனால் பிரிட்ஜும், தபால் செலவும், வரியும், கூலியும் சேர்ந்தால் வாங்கியவிலையோடு கூட்டிப் பார்க்கவேண்டிய தொகையாகிறது.

மற்றவை சிறியவை. சுருதி கூட்டும் முடுக்கிகளில் ஆறு பக்கவாட்டிலும் ஆறு பின்னோக்கியும் இருப்பதால் தலைப்பகுதி கட்டையாக, பாரமில்லாமல் இருக்கிறது. தந்தி மாற்றும்போது மட்டும் பொறுமை வேண்டும். வாடைக் காலத்து ஈரத்தில் கழுத்து சற்று அசைந்தது. உள்ளிருக்கும் கம்பியைக் கொஞ்சம் திருப்பியதும் சரியாகிவிட்டது. நான் விசாரித்த உள்ளூர்க் கடைகளில் ஆறு தந்திக் கட்டுகளே இருந்தன; பன்னிரண்டுக்கு உரியதைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கிறேன். அடிக்கடி அறுவது அந்த 0.008தான், கருவியிலேயே மிக உயர்ந்த சுருதிக்கு இழுக்கப்படுவது அது. தடித்ததைப் போட்டால் அறாது என்று எண்ணவேண்டாம்; தடித்தால் இழுவிசையும் அதற்கேற்பக் கூடும். முழுக் கிற்றாரையும் ஒரு முழுச் சுரம் (இரண்டு பிரெட் அளவு) இறக்கிக் கூட்டி, எல்லாத் தந்திகளையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கேப்போவை இரண்டாவது பிரெட்டில் போட்டு வாசிப்பதே நல்ல வழி. உப்புக்காற்று வீசும் ஊரில், வாசித்து முடிந்ததும் தந்திகளைத் துணியால் துடைப்பதையும் விடக்கூடாது.

நாதத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகும், தம்பிக்கு என் பதில் வாங்கவேண்டாம் என்பதே. விலை இறங்கியது உண்மைதான். இறங்கிய தொகை பிரிட்ஜ் மாற்றும் செலவுக்குப் போதாது. பன்னிரண்டு சடிலோடு வரும் கிற்றார் அகப்பட்டால், சற்றுக் கூடக் கொடுத்தாவது அதை வாங்குங்கள். ஆறு சடில் உள்ளதையே வாங்குவதென்று முடிவுசெய்தால், ரியூனர் ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோங்கள். மூன்றாவது இணையின் தந்திகள் இரண்டையும் திறந்த நிலையில் சரியாகக் கூட்டிவிட்டு, 12ஆவது பிரெட்டில் அழுத்தி, ஒன்றைக் கையால் தடுத்து மற்றதைத் தனியே மீட்டி, இரண்டையும் பாருங்கள். விற்பவருக்கும் அந்த ரியூனரைக் காட்டி, அதன் பிறகு விலையைப் பேசுங்கள்.